இரண்டு புள்ளிக்குப் பின்னால் ஏழு பெயர்கள்

பிரிண்டர் கடைசி வரியைக் கர்கர்ரென்று அடித்துவிட்டு நின்றதும் காஞ்சனா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். தொடர்தாளை மடிப்பு மடிப்பாகக் கிழித்து, ஓரத்து ஓட்டைப் பட்டையை உரித்து, பதினான்கு பக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எங்கேயும் ஒரு பெயர் இல்லை. இங்கே ஒரு பெயர் இருந்தது என்று சொல்லும் சுவடுகூட இல்லை.

"சார், வந்து பாருங்க! சுத்தமா போய்டுச்சி!"

கடைக்காரர் சடகோபன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். டைப்ரைட்டர் காலத்தில் இந்த மாதிரி வேலை வந்தால் கறுப்பு மையை இரண்டு பக்கமும் பூசுவார்கள். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து பல்லைக் காட்டும். மறுபடியும் பூச வேண்டும். தாள் நைந்துபோகும்.

"இன்னா பண்ணே?" என்றார் அவர்.

"ரெண்டே ரெண்டு புள்ளி சார். அவ்ளோதான்."

அது 1989ஆம் வருஷம், ஆடிப் பரணி. மறுநாள் கிருத்திகை என்பதால் திருத்தணி முழுக்க மஞ்சள் துணியும் பம்பைச் சத்தமுமாக இருந்தது. ரயிலடித் தெருவில் சடகோபனின் ஜாப் டைப்பிங் கடைக்குள் மட்டும் பதினோரு மாதமாக வேறொரு திருவிழா நடந்துகொண்டிருந்தது. மெட்ராசிலிருந்து அவர் வாங்கி வந்த கம்ப்யூட்டரை அவரே தொடப் பயந்தார். காஞ்சனா பயப்படவில்லை. இருபத்து நான்கு வயது, பள்ளிப்பட்டுப் பக்கம் நெசவுக் குடும்பத்துப் பெண், டைப்பிங்கில் ஹையர் பாஸ். கூடவே வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் படித்து முடித்துவிட்டாள். வேர்டுஸ்டார் என்ற டைப்பிங் புரோகிராமில் வாரத்துக்கு ஒரு புது வித்தையாவது கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வரிக்கு முன்னால் இரண்டு புள்ளி வைத்தால் பிரிண்டர் அந்த வரியை அடிக்காமல் தாண்டிப் போகும் என்பது அன்று காலை கற்ற வித்தை.

அந்த வேலையைக் கொடுத்தவர் வக்கீல் மனோரமா. அரக்கோணம் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையில், நூல் சுற்றும் பிரிவு மேஸ்திரியைப் பற்றி மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் ஒன்று போயிருந்தது. விசாரித்து எழுதச் சொல்லி ஹெட் ஆபீஸ் மனோரமாவை அமர்த்தியது. முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு ஒருத்தியும் வரவில்லை. "உங்க பேரு என்னோட பீரோவைத் தாண்டாது. கம்பெனிக்குப் போற காகிதத்துல உங்க பேரு இருக்காது" என்று அவர் சொல்லி அனுப்பிய பிறகு ஏழு பெண்கள் வந்தார்கள். மேஸ்திரி கை நீட்டியதையும், கையைத் தட்டிவிட்டவளுக்கு மறுநாள் வேலை இல்லாமல் போனதையும் சொன்னார்கள். சொல்லும்போது ஒருத்தி வாசற்கதவைத் தாழ் போடச் சொன்னாளாம்.

அறிக்கையில் ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் தலைப்பில் நான்கு வரி. பெயர், புருஷன் அல்லது தகப்பன் பெயர், ஊர், டோக்கன் நம்பர். உள்ளே எல்லாம் 'முதல் சாட்சி', 'இரண்டாம் சாட்சி' என்றுதான். அந்த இருபத்தெட்டு வரிகளையும் எடுத்துவிட்டு ஒரு பிரதி கம்பெனிக்குப் போக வேண்டும். ஹெட் ஆபீசில் கம்ப்யூட்டர் இருந்ததால் தாளோடு, கோப்பைப் பதிந்து கொடுக்கும் பிளாப்பித் தட்டும் கேட்டிருந்தார்கள்.

பத்தரை மணிக்கு ஆலை குமாஸ்தா நாகராஜன் வந்தார். நாற்பத்தைந்து வயது, ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. மனோரமா முன்னாடியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த உறைக்குள் தாள்களையும் பிளாப்பியையும் வைத்துக் காஞ்சனா ஒட்டினாள். அவர் நோட்டில் கையெழுத்திட்டு, மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிப் போனார்.

பதினொன்று அடிக்கும்போது கோர்ட்டிலிருந்து மனோரமா வந்தார். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார்.

"ஆச்சா காஞ்சனா?"

"ஆச்சு மேடம். நாகராஜன் சார் வாங்கிகினு போய்ட்டாரு. உக்காருங்க, உங்களுக்கு ஒண்ணு காட்றேன்." அவளால் பொறுக்க முடியவில்லை. யாரிடமாவது காட்டினால்தான் அந்த வித்தை முழுசாகும் போல இருந்தது. தன் பிளாப்பியைப் போட்டுக் கோப்பைத் திறந்தாள். பச்சை எழுத்துகள் திரையில் வரிசையாக ஏறின. "பாருங்க, நாலு வரியும் அப்படியே கீது. முன்னால ரெண்டு புள்ளி, அவ்ளோதான். பிரிண்டர் புள்ளியப் பார்த்ததும் இது எனக்கில்லன்னு தாண்டிடும். நாளைக்கு உங்களுக்குப் பேரோட வேணும்னா, புள்ளிய எடுத்தாப் போதும்!"

மனோரமா குனிந்து பார்த்தார். முதல் பெயரை உதடு அசைய வாசித்தார்.

"இது உன்கிட்ட இருக்கற பிளாப்பி."

"ஆங்."

"நாகராஜன் எடுத்துட்டுப் போனது?"

"அது இதோட காப்பிதான் மே..."

காஞ்சனாவுக்குக் காதுக்குள் குப்பென்று சூடு ஏறியது. தாளைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிளாப்பியை யார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது? திறந்தவுடன் திரையின் முதல் பக்கத்திலேயே பெயர், ஊர், நம்பர் எல்லாம் நிற்கும்.

சடகோபன் குரலைத் தாழ்த்தினார். "இப்ப இன்னா ஆயிப்போச்சி? பேப்பர் இருக்குது, அத்தப் படிப்பாங்க. பிளாப்பிய எவன் தொறக்கப் போறான்? நாமளே போயி தப்புன்னு சொன்னாத்தான் ஊரே தொறந்து பார்க்கும்."

"தொறக்கறதுக்குத்தானே சார் கேட்டாங்க?" என்றாள் காஞ்சனா.

மனோரமா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஆலையில டைம் ஆபீசர் வீரபத்திரன் யாரு தெரியுமா? அந்த மேஸ்திரிக்கு பாவா. அக்கா புருஷன். பேரு அவர் கைக்குப் போச்சுன்னா, ஏழு பேரும் கேட்டைத் தாண்ட முடியாது. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"பஸ்ஸு கிளம்பி இருக்காது மேடம். இன்னிக்கி ஒரு பஸ்ஸும் நேரத்துக்குக் கிளம்பாது." காஞ்சனா ஏற்கனவே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். பயம் இருந்தது. ஆனால் பத்து விரலும் விழித்துக்கொண்டாற்போல ஒரு வேகமும் இருந்தது. "வெறுங்கையோட போனா குடுக்க மாட்டாரு. சரியானது ஒண்ணு எடுத்துகினு போவணும். பத்து நிமிஷம் குடுங்க."

கன்ட்ரோலையும் ஒய்யையும் சேர்த்து அழுத்தினால் வரி போய்விடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடுத்த சாட்சி. விசை டக் டக்கென்று பேசியது. வெளியே "அரோகரா" என்று ஒரு கூட்டம் கத்திக்கொண்டு போனது. இருபத்தெட்டாவது வரி போனதும் சேமித்துவிட்டு, பிளாப்பியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலைக் கேட்டாள்.

ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வந்து நின்றன. ஒன்று அவள் இப்போது சேமித்தது. இன்னொன்றின் வால் மட்டும் வேறாக இருந்தது. பி, ஏ, கே.

"இது இன்னா?"

திறந்தாள். ஏழு பெயர்களும் அச்சுக் குலையாமல் உள்ளே உட்கார்ந்திருந்தன.

"காஞ்சனா!" என்றார் மனோரமா.

"தெரிஞ்சிடுச்சி மேடம், தெரிஞ்சிடுச்சி! ஒவ்வொரு வாட்டி சேமிக்கறப்பவும் பழச ஒரு ஓரமா எடுத்து வெச்சிக்கும். நாம கைதவறி அழிச்சிட்டா இருக்கட்டும்னு. புஸ்தகத்துல படிச்சேன், மறந்துட்டேன்." அதை அழிக்கக் கை போனது. பாதியில் நின்றது. இந்தப் பிளாப்பி தன்னை ஏற்கனவே இரண்டு தரம் ஏமாற்றிவிட்டது. மூன்றாவது தரம் அதை நம்ப அவளுக்கு மனசு வரவில்லை. "சார், புதுசு ஒண்ணு குடுங்க."

"புதுசா? அதுலயே அழிச்சிட்டாப் போச்சி."

"புதுசு குடுங்க சார்."

சடகோபன் முனகிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். புதுப் பிளாப்பி உள்ளே போய்த் தயாராகும் வரை டிரைவ் கிரீச் கிரீச்சென்று எண்ணிக்கொண்டிருந்தது. சேமித்த ஒற்றைக் கோப்பை மட்டும் அதற்கு மாற்றினாள். பிறகு அதையே திறந்து, ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தேடச் சொன்னாள். இல்லை. இல்லை. இல்லை. ஏழு தரம் மெஷின் இல்லை என்று சொன்னது. ஏழாவது 'இல்லை'க்கு அவள் மேசையைத் தட்டினாள்.

அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த மனோரமா திடீரென்று அவள் கையைப் பிடித்தார். "நில்லு. மேல போ. இன்னும் மேல."

ஒன்பதாம் பக்கம். நான்காம் சாட்சி, போன தை மாதம் மெஷினில் இடது ஆள்காட்டி விரலின் நுனியை இழந்தவர் என்று இருந்தது.

"அந்த ஆலையில விரல் போனவ ஒருத்திதான்" என்றார் மனோரமா. "பேரை எடுத்து என்ன பிரயோஜனம்? நானே எழுதினேன். என் கையால எழுதினேன் இதை."

"மாத்திடலாம் மேடம். சொல்லுங்க, அடிக்கறேன்."

"வேலையில் காயம்பட்டவர்னு போடு. எந்த மாசம், எந்தக் கைன்னு வேணாம்." பிறகு அவரே தாளைப் புரட்டுகிற மாதிரித் திரையைப் புரட்டச் சொல்லி, முழுசையும் ஒரு எதிரி வக்கீலின் கண்ணோடு படித்தார். பதினோராம் பக்கத்தில் ஒரு சாட்சி பள்ளிப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர் என்று இருந்தது. "அந்தப் பஸ்ல வர்றது ரெண்டே பேரு. எடு அதை. தொலைவிலிருந்து வருபவர்னு போடு."

அந்த இரண்டு பக்கங்களையும் மறுபடி அடிக்க வேண்டும். பக்கம் முடிகிற வார்த்தை மாறினால் அடுத்து வரும் பக்கங்கள் எல்லாம் மாறிவிடும். காஞ்சனா மற்ற வரிகளை இழுத்துப் பிடித்து, பக்கத்தின் கடைசிச் சொல் பழைய இடத்திலேயே வந்து நிற்கும்படி செய்தாள். அந்த நேரம் பார்த்துக் குழல்விளக்கு மினுக்கென்று மங்கியது. ஸ்டெபிலைசர் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டது.

"போவாதே, போவாதே, போவாதே..." என்று அவள் மெஷினைக் கெஞ்சிக்கொண்டே சேமித்தாள். வெளிச்சம் திரும்பி வந்தது. பிரிண்டர் ஓடியது. திருத்திச் சேமித்ததில் இந்தப் பிளாப்பியிலும் ஒரு பி.ஏ.கே. முளைத்திருக்கும். சேமித்த ஒற்றைக் கோப்பு மட்டும் இன்னொரு புதுப் பிளாப்பிக்குப் போனது. இந்தத் தடவை சடகோபன் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கம், ஒரு பிளாப்பி, ஒரு புது உறை. மற்ற பிளாப்பிகள் எல்லாம் மனோரமாவின் கைப்பைக்குள் போயின.

மனோரமாவின் டி.வி.எஸ். 50 வாசலில் நின்றது. "ஏறு!" என்றார். காஞ்சனா பின்னால் உட்கார்ந்து உறையை முந்தானைக்குள் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். வெயிலும் தூசியும் பிளாப்பிக்கு ஆகாது.

கூட்டத்துக்காக மெட்ராஸ் சாலையில் போட்டிருந்த தற்காலிக பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"மெட்ராஸ் பஸ்ஸா? அது போயி பத்து நிமிஷம் ஆவுதும்மா."

"வெள்ளைச் சட்டை, ஒல்லியா, பழுப்புக் கவர் வெச்சிருந்தாரு..."

"ஆங், டிரைவர் பின்னால உக்காந்தாரே. கனகம்மாசத்திரத்துல டீக்கு நிக்கும். வுட்டுப் புடிங்க!"

மனோரமா கைப்பிடியை முறுக்கினார். எதிரே சாலை முழுக்கக் காவடி. பூக்காவடி, மயில்காவடி, தலையில் பால்குடம், நடுவே பம்பைக்காரர்கள். எல்லோரும் மலையைப் பார்த்து வர, இவர்கள் இரண்டு பேர் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார்கள். மனோரமா 'பீ பீ' என்று ஹாரனை அழுத்திக்கொண்டே சாலை ஓரத்து மண்ணில் இறங்கி ஏறினார். ஒரு கிழவர் கையை உயர்த்தி, "அம்மா, கோயிலு அந்தாண்ட!" என்று கத்தினார்.

"வந்துடுவோம் தாத்தா!" என்று காஞ்சனா திரும்பிக் கத்தினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் சிரிப்பு வருகிறதே என்று பயமாகவும் இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. இவ்வளவு வேகமாக அவள் எந்த வண்டியிலும் போனதில்லை. கரும்பு லாரி ஒன்றை இடது பக்கமாகவே முந்தினார்கள்.

"மேடம், அதோ பஸ்ஸு!"

கனகம்மாசத்திரத்தில் புளியமரத்தடியில் பஸ் நின்றுகொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் நாகராஜன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீயை ஊதிக்கொண்டிருந்தார். வண்டி நிற்பதற்குள் காஞ்சனா குதித்துவிட்டாள்.

"நாகராஜன் சார்! அந்தக் கவரு... பிளாப்பி... ரெண்டு பக்கம்... மாத்தணும் சார். இத எடுத்துக்கங்க, அத்தக் குடுத்துடுங்க."

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது? ஒட்டின கவரு. நோட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கி இருக்கேன். நடுரோட்டுல பிரிச்சான்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா என் வேலை போய்டும். எதுவானாலும் ஹெட் ஆபீசுல வந்து மாத்திக்கங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினை உறுமவிட்டார்.

பிளாப்பி கெட்டுப்போச்சு என்று ஒரு பொய் காஞ்சனாவின் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவர் சிரித்துவிட்டு, கெட்டுப்போனதை அங்கேயே பார்த்துக்கொள்வார்கள் என்பார். அவள் அதை விழுங்கினாள்.

"தப்பு என்னுது சார். இருக்கக்கூடாதது ஒண்ணு உள்ள இருந்துபோச்சி. அது இன்னான்னு உங்களுக்கும் சொல்லக்கூடாது. சொன்னா அது ரெண்டாவது தப்பாயிடும். அதனால கேக்காதீங்க. குடுத்துடுங்க."

நாகராஜன் அவளையே பார்த்தார். பின்னால் வந்து நின்ற மனோரமாவையும் பார்த்தார்.

"வக்கீலம்மா," என்றார் மெதுவாக. "திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுல வீரபத்திரன் சார் நிக்கறேன்னு சொல்லி இருக்காரு. அவரு தோஸ்து ஒருத்தர்கிட்ட கம்ப்யூட்டர் இருக்குதாம். ஹெட் ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி பிளாப்பிய ஒரு அஞ்சு நிமிஷம் காட்டிட்டுப் போய்யான்னாரு. நான் இன்னா சொல்றது, எனக்கு மேல் அதிகாரி. காலைலேர்ந்து அது எனக்கு உறுத்திகினே இருக்குது."

திருவள்ளூருக்கு இன்னும் அரைமணி நேரப் பயணம்தான்.

"எழுதிக் குடுங்க" என்றார் நாகராஜன். "இன்னின்ன பக்கத்தையும் பிளாப்பியையும் வக்கீல் நானே வாபஸ் வாங்கி, வேற குடுத்தேன்னு. மணியும் போடுங்க. எனக்குக் காகிதம் இருந்தாப் போதும்."

மனோரமா மொபெட் சீட்டின் மேலேயே லெட்டர்பேடை வைத்து எழுத ஆரம்பித்தார். நாகராஜன் தன் இரண்டாவது பேனாவை நீட்டினார், மனோரமாவின் பேனா தாளில் கீறி நின்றதால்.

"யோவ், வர்றியா இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"ரெண்டு நிமிஷம்ப்பா! கோர்ட்டு விஷயம்!" என்றார் நாகராஜன்.

கோர்ட்டு என்றதும் பஸ்ஸில் இருந்த தலைகள் எல்லாம் சன்னல் பக்கம் வந்தன. காஞ்சனா உறையைப் பிரித்தாள். பழைய பிளாப்பியை எடுத்தாள், புதியதை வைத்தாள். தாள்களோ டேக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. ஒன்பதையும் பதினொன்றையும் உருவிவிட்டுப் புதியவற்றைக் கோர்க்கப் போனால், டேக்கின் தகர முனை ஓட்டைக்குள் போவேனா என்றது. ஒருமுறை, இரண்டுமுறை. "மெதுவாம்மா, மெதுவா" என்றார் டீக்கடைக்காரர், எதற்கு என்று தெரியாமலே. மூன்றாம் முறை போனது. பக்க எண்களை விரலால் தள்ளி ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண்ணினாள். புது உறை, ஒட்டு, மனோரமாவின் கையெழுத்து குறுக்காக.

பஸ் நகர்ந்துவிட்டது. நாகராஜன் கடிதத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, உறையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். படிக்கட்டில் தொற்றி ஏறிக்கொண்டு திரும்பினார். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"திருவள்ளூர்ல பார்க்கணும்னா பார்க்கட்டும் அவரு! நல்லாப் பார்க்கட்டும்!"

பஸ் வளைவில் மறைந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. மனோரமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பு. உருவிய இரண்டு தாள்களை டீக்கடை அடுப்பில் போட்டார்கள். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த குப்பம்மாளிடம் காஞ்சனா கத்தியைக் கேட்டாள்.

"இன்னாத்துக்கும்மா?"

"இத்த வெட்டணும்."

குப்பம்மாள் அந்தக் கறுப்புச் சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன்னால ஆவாது, குடு" என்று மரக்கட்டையில் வைத்து, இளநீர் சீவுகிற மாதிரியே நாலு வெட்டு வெட்டினாள். உள்ளே இருந்த பழுப்பு வட்டம் துண்டு துண்டாகச் சிதறியது. "அட, உள்ள ஒண்ணுமே இல்லியே!" என்றாள்.

"ஆமாங்க, ஒண்ணுமே இல்ல" என்றாள் காஞ்சனா. இரண்டு இளநீரை நின்ற இடத்திலேயே குடித்தார்கள்.

ஆறு நாள் கழித்து, கடைக்கு மெட்ராசிலிருந்து போன் வந்தது. சடகோபன் எடுத்து, இரண்டு நிமிஷம் "ஆங், ஆங்" என்றுவிட்டு, ரிசீவரைச் சுடுகிற பாத்திரம்போல அவளிடம் நீட்டினார். பேசியவர் ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவைச் சேர்ந்த கிருஷ்ணன்.

"அந்த ரிப்போர்ட் அடிச்சது நீங்கதானாம்மா? ஒண்ணு கேக்கணும். எங்க ஆலையிலேர்ந்து ஒரு ஆபீசர் நேத்து வந்தாரு. பிளாப்பிக்குள்ள பழைய காப்பி ஏதாவது ஒளிஞ்சிருக்கா, தேடிக் குடுன்னு ஒரே தொல்லை. அழிச்சதைக்கூடத் திருப்பி எடுக்கற புரோகிராம் எங்கிட்ட இருக்கு. ஒரு மணி நேரம் தேடினேன். ஒரு எழுத்து கிடைக்கலை. அவர் முகத்தைப் பார்க்கணுமே! அவர் இப்படித் தேடி வந்ததை எங்க டைரக்டர்கிட்ட அப்படியே சொல்லிட்டேன். நீங்க எப்படிப் பண்ணீங்க?"

காஞ்சனாவுக்குக் கேள்வி காதிலேயே ஏறவில்லை. "அழிச்சதக்கூட எடுக்கலாமா சார்?"

"பின்னே? அழிச்சா பட்டியல்லேர்ந்து பேருதாம்மா போகும். சரக்கு உள்ளேயேதான் இருக்கும், அது மேல வேற எழுதற வரைக்கும்."

பி.ஏ.கே. கோப்பை அழிக்கப் போன தன் கை பாதியில் நின்றது அவளுக்கு நினைவு வந்தது. முதுகில் சில்லென்றது. அடுத்த நொடி அந்தச் சில்லிப்பு எங்கோ போய், வயிற்றுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஆனது. "அந்தப் புரோகிராம் பேரு இன்னா சார்? எங்க கிடைக்கும்? அது எழுதினத எப்படிப் படிக்குது?" என்று தொடங்கினாள். இருபது நிமிஷம் பேசினாள். சடகோபன் கடிகாரத்தைக் காட்டினார், பிறகு காட்டுவதை விட்டுவிட்டு அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

புரட்டாசியில் மேஸ்திரியை வேலையிலிருந்து நீக்கினார்கள். வீரபத்திரனை வேறு ஊர் ஆலைக்கு மாற்றினார்கள். மாற்றல் உத்தரவு வருவதற்கு முன்னால் அவர் நூல் சுற்றும் பிரிவில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம், யார் போய்ச் சொன்னது என்று. எல்லாரும் தெரியாது என்றார்களாம். மனோரமா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைக்கு எதிரே ஷிப்டு முடிந்து வந்த பஸ் நின்றது. பஞ்சு ஒட்டிய தலையோடு இருபது முப்பது பெண்கள் இறங்கி, பூக்காரியைச் சூழ்ந்துகொண்டு சத்தமாகப் பேரம் பேசினார்கள். ஏழு பேரின் பெயரும் ஊரும் டோக்கன் நம்பரும் காஞ்சனாவுக்கு மனப்பாடம். முகம் ஒன்றுகூடத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ.

அவள் சன்னல் பக்கம் திரும்பவில்லை. வக்கீல் அன்று கொண்டு வந்திருந்த புதுக் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் புரட்டினாள்.

"இது யாரு கைக்குப் போவணும் மேடம்? யாரு கைக்குப் போவக்கூடாது? மொதல்ல அத்தச் சொல்லுங்க" என்றாள்.